நீலத்திரை வராதது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியின் செயலியை (பிராசசரை) அதற்கு விதிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓடவைக்கும் ஓவர்கிளாக்கிங் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரைக்குள் எப்படி நுழைவது, செயலியின் வேகத்தை முடிவுசெய்யும் பெருக்கெண்ணை எங்கே மாற்றுவது, மின்னழுத்தத்தை எவ்வளவு ஏற்றலாம் என்பதையெல்லாம் எளிய தமிழில் விளக்கிய கட்டுரையாளரின் உழைப்பைப் பாராட்டுகிறேன். தமிழில் இத்தகைய கட்டுரைகள் வருவதே அரிது. ஆனால் அதன் இறுதிப் பகுதியில், மாற்றங்களைச் செய்து முடித்தபின் ஏதேனும் ஒரு சோதனை நிரலைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நீலத்திரை (விண்டோஸ் செயலிழந்து நிற்கும்போது தோன்றும் நீல நிறப் பிழைத்திரை) வராவிட்டால் கணினி நிலையாக இருக்கிறது என்று கொள்ளலாம் எனச் சொல்லப்பட்டிருந்தது. இதே வாக்கியத்தை வேறொருவர் வாய்மொழியாகக் கேட்டு நம்பி, பல மாத வேலையில் ஒரு பகுதியை இழந்தவன் நான். அதனால் அந்த வாக்கியத்தை மறுத்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

மதுரையில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் டிடிபி வேலை செய்கிறேன். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு நவம்பரில், எட்டு கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட செயலியுடன் ஒரு கணினியைக் கடையில் சொல்லிப் பூட்டி வாங்கினேன். கூடுதல் செலவில்லாமல் வேகத்தைக் கூட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். செயலியின் வேகத்தை ஏற்றினார். ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, 3600 என்ற வேகத்தில் அமைத்தார். ஒரு சோதனை நிரலைப் பத்து நிமிடம் என் கண்ணெதிரே ஓடவிட்டுக் காட்டினார். கணினி அசையாமல் நின்றது. பிப்ரவரியில் வேலை கூடியதால், அதே கடையில் இன்னும் இரண்டு ரேம் ஸ்டிக்குகளை வாங்கி, நானே பொருத்திக்கொண்டேன். அதற்குப் பிறகும் கணினி ஒருநாள்கூட உறைந்து நின்றதில்லை. தானாக அணைந்து எழுந்ததில்லை. நீலத்திரை என்பதை அந்தக் கணினியில் நான் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு நாள் மாலையிலும் அன்றைய வேலையை ஒரு ஜிப் கோப்பாகச் சுருக்கி, வெளி வட்டு ஒன்றில் போட்டு வைப்பது என் பழக்கம். ஒரு புத்தகம் அச்சுக்குப் போனதும், இடம் போதாமையால் கணினியில் உள்ள மூலக் கோப்புகளை அழித்துவிடுவேன். ஜூன் மாதத்தில் ஒரு நூலாசிரியர், ஏப்ரலில் முடித்த புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள் அனுப்பினார். ஜிப் கோப்பைத் திறந்தேன். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று சொல்லி விரிய மறுத்தது. முந்தைய நாளின் கோப்பை எடுத்தேன். அது விரிந்தது, ஆனால் உள்ளே ஒரு அத்தியாயம் திறக்கவில்லை. வட்டு பழுதாகிவிட்டது என்றே முதலில் நினைத்தேன். வேறொரு கணினியில் வட்டைச் சோதித்தபோது அதில் குறையே இல்லை. எல்லா ஜிப் கோப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க இரண்டு நாள் ஆனது. நவம்பர் முதல் ஜனவரி வரை எழுதியவற்றில் ஒன்றுகூடக் கெடவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டு கெட்டிருந்தன. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பது. அவற்றால் இரண்டு புத்தகங்களின் முன்னூற்றுச் சொச்சம் பக்கங்களை அச்சான படியைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்து அடுக்க வேண்டியதாயிற்று.

கெட்டுப்போனது தெரிந்த கோப்புகளைவிட, தெரியாமலே கெட்டிருக்கக்கூடியவைதான் என்னை அதிகம் அச்சுறுத்துகின்றன. ஜிப் கோப்பின் சரிபார்ப்பு எண், கோப்பைச் சுருக்கும்போது கணக்கிடப்படுவது. அதற்கு முன்பே நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) புரண்டிருந்தால், தவறான எழுத்துக்குத்தான் சரியான சரிபார்ப்பு எண் கிடைக்கும். அந்தக் கோப்பு எந்தக் காலத்திலும் புகார் சொல்லாது. யூனிகோட் முறையில் 'க' என்ற எழுத்துக்கும் 'வ' என்ற எழுத்துக்கும் உள்ள குறியெண்கள் ஒரே ஒரு பிட்டில்தான் வேறுபடுகின்றன. அந்த ஒரு பிட் புரண்டால் 'கலை' என்பது 'வலை' ஆகும். 'கரை' என்பது 'வரை' ஆகும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் அதைச் சுட்டிக்காட்டாது. எழுத்துக்கே இது என்றால், வீட்டுக் கணக்கும் கடைக் கணக்கும் எழுதி வைக்கும் அட்டவணைகளில் எண்களுக்கு என்ன ஆகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சொன்னால்தான், பத்து நிமிடச் சோதனை ஏன் போதாது என்பது விளங்கும். செயலிக்குள் ஒவ்வொரு கணக்கும் ஒரு கடிகாரத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் முடிந்தாக வேண்டும். பாடுபவர் எடுத்த சங்கதியைத் தாளம் சமத்துக்கு வருவதற்குள் முடித்தாக வேண்டியதைப் போன்றது இது. 4.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்பின் நீளம் ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 0.22 பங்கு, அந்த நேரத்தில் ஒளியே ஏழு சென்டிமீட்டருக்குள்தான் பயணம் செய்யும். கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களின் பாதைகளில் மிக நீண்ட பாதை எதுவோ, அதில் சமிக்ஞை துடிப்புக்குள் வந்து சேராவிட்டால், அந்த இடத்தில் பழைய மதிப்போ தவறான மதிப்போ பதிவாகிவிடும். மற்ற எல்லாப் பாதைகளும் சரியாகவே இயங்கிக்கொண்டிருக்கும். தவறிய பாதை இயங்குதளத்தின் முக்கியமான ஒரு முகவரியைச் சுமந்திருந்தால் கணினி விழும், நீலத்திரை வரும். அது ஒரு படத்தின் நிறத்தையோ ஒரு சொல்லின் எழுத்தையோ சுமந்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல் வேலை தொடரும். ஆகவே நீலத்திரை என்பது பிழைகளில் ஒரு வகையின் அடையாளம் மட்டுமே.

மின்னழுத்தத்தை ஏற்றினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும், சமிக்ஞை நேரத்துக்கு வந்துசேரும் என்பது உண்மை. அதற்கான விலை வெப்பம். செயலி செலவிடும் மின்திறன், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடிய செயலியை 4.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 1.32 வோல்ட்டுக்கும் ஏற்றினால், இரண்டும் பத்துப் பத்து விழுக்காடுதான் கூடியிருக்கின்றன. வெப்பமோ முப்பத்து மூன்று விழுக்காடு கூடும். நூறு வாட் இருந்த இடத்தில் நூற்று முப்பத்து மூன்று வாட். வெப்பம் ஏறினால் சமிக்ஞைகள் மீண்டும் தாமதமாகும், மின்கசிவும் கூடும். ஏற்றிய மின்னழுத்தத்தால் கிடைத்த நன்மையில் ஒரு பங்கை அதனால் வந்த வெப்பமே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

ஓவர்கிளாக்கிங் இலவசமாகக் கிடைக்கும் வேகம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். நானும் அந்தக் காலத்தைப் பார்த்தவன். 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு விலைச் செயலி 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் (செயலியை மற்ற உறுப்புகளோடு இணைக்கும் பாதையில்) நாலரை மடங்கு பெருக்கத்தில் 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. ஏபிட் பிஎச்6 போன்ற மதர்போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பலருக்கு மின்னழுத்தத்தைக்கூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அதே நேரத்தில் வெளிவந்த, பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2இன் 450 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு நிகராக அது நின்றது. தயாரிப்பாளர் அன்று விட்டுவைத்திருந்த இடைவெளி அவ்வளவு பெரிது. இன்றைய செயலிகளில் அந்த இடைவெளி இல்லை. பூஸ்ட் என்ற பெயரில், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் எல்லை வரை செயலி தானே ஏறிக்கொள்கிறது. மீதமிருப்பது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியை அள்ளப் போகிறவர், அன்று 300ஏ வைத்திருந்தவரைவிடப் பன்மடங்கு கவனமாகச் சோதிக்க வேண்டியவர்.

சோதனை என்றால் என்ன? கணினியைச் சூடாக்குவது அதில் பாதிதான். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கைக் கொடுத்து, வந்த விடை சரியா என்று ஒவ்வொரு படியிலும் ஒப்பிடுவதே மறுபாதி. அந்தப் பாதிதான் முக்கியமானது. பிரைம்95 என்ற நிரல் இதற்குப் பெயர் பெற்றது தற்செயலாக அல்ல. மெர்சென் பகா எண்களை (இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பகா எண்களை) தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சிக்காக அவர் எழுதிய நிரல் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகள் ஒரே கணக்கை நாள்கணக்கில், வாரக்கணக்கில் செய்கின்றன. 2024 அக்டோபரில் இந்த முயற்சியில் கண்டறியப்பட்ட பகா எண், நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேல் கொண்டது. அவ்வளவு நீண்ட கணக்கில் நடுவே ஒரு பிட் புரண்டால் மொத்த உழைப்பும் வீண். அதனால் நிரலுக்குள்ளேயே ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். பெரிய எண்களைப் பெருக்கும்போது இடையில் வரும் தசம எண்கள் முழு எண்களுக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும்; எந்த எண்ணும் அருகிலுள்ள முழு எண்ணிலிருந்து அரைக்கு மேல் விலகியிருக்க முடியாது. விலகல் 0.4ஐத் தாண்டினால் வன்பொருள் பழுது என்று நிரல் அறிவித்து நின்றுவிடுகிறது. கணினி விழும் வரை காத்திராமல், கணக்குப் பிழைத்த அந்தக் கணத்திலேயே சொல்கிறது. நீலத்திரைக்காகக் காத்திருப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்தக் கணக்கின் கூர்மைக்கு ஒரு சான்று சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில், ஸ்கைலேக் என்ற தலைமுறைச் செயலிகள் பிரைம்95 நிரலில் 14,942,209 என்ற ஒரு குறிப்பிட்ட அடுக்கெண்ணைச் சோதிக்கும்போது உறைந்து நிற்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் கணினிகளில் ஓவர்கிளாக்கிங்கே இல்லை. இன்டெல் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு, மதர்போர்டு தயாரிப்பாளர்கள் வழியாகப் பயாஸ் திருத்தம் வெளியிட்டது. தொழிற்சாலைச் சோதனைகளைத் தாண்டி வந்த பிழையை வீட்டுக் கணினிகளில் ஓடிய ஒரு கணக்கு பிடித்துக் கொடுத்திருக்கிறது.

ஆனால் இதே நிரலைத்தான் என் கடைக்காரரும் ஓட்டிக் காட்டினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரைம்95இல் சோதனைகள் பல வகை. சிறிய அளவு கொண்ட சோதனை, செயலிக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். செயலியை மிக அதிகமாகச் சூடாக்குவது அதுதான் என்பதால், பார்ப்பவர்களுக்கு அதுவே மிகக் கடுமையான சோதனை என்று தோன்றும். ஆனால் அது வெளியே உள்ள ரேமை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. என் கணினியில் பழுது ரேமில் இருந்தது. அந்தச் சோதனையைப் பத்து நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து மணி நேரம் ஓட்டியிருந்தாலும் என் பழுது வெளிப்பட்டிருக்காது. பிறகு நானே ஓட்டிப் பார்த்தேன். சிறிய சோதனை நான்கு மணி நேரம் ஒரு பிழையும் இன்றி ஓடியது. ரேம் முழுவதையும் நிரப்பும் கலப்புச் சோதனைக்கு மாற்றியதும், ஐம்பது நிமிடத்தில் ஒரு கோர் பிழை காட்டி நின்றது.

அன்றிரவு மெம்டெஸ்ட்86+ என்ற நிரலை ஒரு பென் டிரைவில் போட்டு, விண்டோஸைத் தொடங்காமலே கணினியை அதிலிருந்து இயக்கினேன். ரேமின் ஒவ்வொரு முகவரியிலும் பலவிதமான வடிவங்களை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும் இலவச நிரல் அது. முதல் சுற்று முடிந்தது, பிழை இல்லை. இரண்டாம் சுற்றும் அப்படியே. விடிவதற்கு முன் எழுந்து பார்த்தபோது மூன்றாம் சுற்றில் இரண்டே இரண்டு சிவப்பு வரிகள் இருந்தன. பல ஜிகாபைட் நினைவகத்தில், பல மணி நேரத்தில், இரண்டு பிழைகள். என் பதினொரு கோப்புகளைக் கெடுக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது. முதல் சுற்றோடு நிறுத்தியிருந்தால் ரேம் நன்றாக இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பேன்.

காரணம் பிறகு புரிந்தது. டிடிஆர்4 ரேமுக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த தரத்தில் மிக உயர்ந்த வேகம் 3200, மின்னழுத்தம் 1.2 வோல்ட். பெட்டியில் 3600 என்று அச்சிட்டு விற்கப்படும் ரேம், எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் அந்த வேகத்துக்குப் போகும்; பெரும்பாலும் மின்னழுத்தமும் 1.35 வோல்ட்டுக்கு ஏறும். அதாவது எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்கிங்தான். ரேமைத் தயாரித்தவர் தன் ரேமுக்கு உறுதி சொல்கிறாரே தவிர, செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகம் அந்த வேகத்தைத் தாங்கும் என்று செயலித் தயாரிப்பாளர் உறுதி சொல்வதில்லை. இரண்டு ஸ்டிக்குகள் நான்கானதும் அந்தக் கட்டுப்பாட்டகத்தின் சுமை கூடியது. நவம்பரில் தாங்கியது பிப்ரவரியில் தடுமாறத் தொடங்கியது. உறுப்பு ஒன்றைச் சேர்த்தாலும் மாற்றினாலும் முந்தைய சோதனை செல்லாது, முதலிலிருந்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தங்கள் கட்டுரையும் சொல்லவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் பிழைகள் பெருகியதற்குக் கோடைதான் காரணம். இதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இது இருப்பதில்லை. காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவானாலும், செயலியை அறையின் வெப்பத்தைவிடக் குறைவாகக் கொண்டுவர இயலாது. அறையின் வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அது நிறுத்தும். டிசம்பர் இரவில் அறை 24 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது முழுச் சுமையில் 78 டிகிரி காட்டிய செயலி, மே மாதப் பிற்பகலில் அறை 39 டிகிரி ஆகும்போது 93ஐ எட்டும். ஒரு மாற்றமும் செய்யாமலே பதினைந்து டிகிரி. ரேமின் நிலையும் இதுவே. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், பொதுவாக 64 மில்லி நொடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கிறார்கள். வெப்பம் ஏற ஏறக் கசிவு விரைவாகிறது. 85 டிகிரிக்கு மேல் போனால் இரண்டு மடங்கு விரைவாகப் புதுப்பிக்க வேண்டும் என்று தரமே சொல்கிறது. குளிர்காலத்தில் குளிர்சாதன வசதியுள்ள கடையில் செய்த சோதனை, சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை மாடியறையில் இருக்கும் கணினிக்குச் சான்றாகாது. கோடையில், பகல் இரண்டு மணிக்கு, வழக்கமாக வைத்திருக்கும் இடத்திலேயே, பெட்டியின் மூடியைப் பூட்டிச் சோதிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் சேர்ந்த தூசியைக் கூலரிலிருந்து முதலில் துடைத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முழுச் சுமையில் மட்டும் சோதிப்பதிலும் ஒரு குறை உண்டு. மின்னழுத்தத்தைக் குறைத்து அமைக்கும் புதிய முறைகளில், கணினி முழுச் சுமையைத் தாங்கிவிட்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது அணைந்துவிடுவதுண்டு. சுமை குறைவாக இருக்கும்போதுதான் ஒன்றிரண்டு கோர்கள் உச்ச வேகத்துக்குத் தாவுகின்றன. ஆகவே கடுஞ்சோதனைக்குப் பிறகு சில நாள் வழக்கமான வேலையைச் செய்துகொண்டே, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் ஏதேனும் பதிவாகிறதா என்று பார்த்து வர வேண்டும். வன்பொருள் தானே திருத்திக்கொண்ட பிழைகளும் அங்கே பதிவாகும். விழுவதற்கு முன் கணினி கொடுக்கும் எச்சரிக்கை அது; அதைப் பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை.

உரிமையாளருக்குத் தெரியாமலே கணினி ஓவர்கிளாக் செய்யப்பட்டிருப்பது புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நிரலாளர் ரேமண்ட் சென் 2005இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பயனர்களிடமிருந்து வந்த விண்டோஸ் பிழையறிக்கைகளில் சில, நடக்கவே முடியாத இடங்களில் நடந்தவையாக இருந்தன. ஒரு பதிவகத்தைச் சுழியமாக்குவது போன்ற, தோற்க வழியே இல்லாத கட்டளையில் கணினி விழுந்திருந்தது. விசாரித்தபோது அவற்றில் பல, விதித்த வேகத்துக்கு மேல் ஓடிய கணினிகள். ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களும் அவற்றின் உரிமையாளர்களில் இருந்தார்கள். 2011இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் கணினிகளின் பிழையறிக்கைகளை ஆராய்ந்து, ஓவர்கிளாக் செய்த கணினிகளில் வன்பொருள் பழுதால் விழுவது மிக அதிகம் என்றும், ஒருமுறை அவ்வாறு விழுந்த கணினி மீண்டும் விழும் வாய்ப்பு பன்மடங்கு கூடுகிறது என்றும் கண்டார்கள். விதித்த வேகத்துக்குக் குறைவாக ஓட்டிய கணினிகள் கூடுதல் உறுதியோடு இருந்தன என்பதும் அதே ஆய்வில் உண்டு.

இன்னும் அண்மைக் காலத்தில், இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் நடந்ததை வாசகர்கள் அறிந்திருக்கலாம். விளையாட்டுகள் தொடங்கும்போது, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று பொருத்தமில்லாத ஒரு செய்தி வந்தது. உண்மையில் பழுதானது செயலி. சுருக்கி வைத்த தரவை விரிக்கும் கணக்கில் அது பிழைத்தது. என் ஜிப் கோப்புகளை நினைத்துக்கொண்டு அதைப் படித்தேன். தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் செயலியின் கடிகாரச் சுற்றுப் பகுதி காலப்போக்கில் தேய்ந்துபோவதாக 2024இல் அந்த நிறுவனம் அறிவித்து, மின்னழுத்தத்தை 1.55 வோல்ட்டுக்குள் நிறுத்தும் திருத்தத்தை வெளியிட்டது. பெட்டியில் விற்ற செயலிகளுக்கு உத்தரவாதத்தையும் மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில கருகியபோது, ரேமுக்கான எக்ஸ்போ அமைப்பை இயக்குகையில் கூடவே ஏறிய மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்திப் புதிய பயாஸ்கள் வந்தன. பயனர் மின்னழுத்தத்தைத் தன் கையால் தொடாமலே, மதர்போர்டின் இயல்பான அமைப்பு எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். புதிய கணினி வாங்கியவர், ஓவர்கிளாக்கிங்கில் ஆர்வமே இல்லாதவரானாலும், பயாஸ் திருத்தத்தைப் போட்டுக்கொண்டு, ஓர் இரவாவது ரேமைச் சோதித்துவிட வேண்டும்.

என் கணினியில் ரேமை 3200க்கு இறக்கினேன். அடுத்தடுத்து இரண்டு இரவுகள் மெம்டெஸ்ட் பிழையின்றி ஓடியது. செயலியை அதன் இயல்பான வேகத்துக்கே திருப்பினேன். பக்கம் வடிவமைக்கும் வேலையில் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. இப்போது ஜிப் கோப்பை எழுதியவுடன் அதைச் சரிபார்த்து, வேறொரு கணினியிலும் விரித்துப் பார்த்த பிறகே மூலத்தை அழிக்கிறேன்.

ஓவர்கிளாக்கிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுக்காகவும் கற்பதற்காகவும் ஒரு கணினியை வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கு, மின்னழுத்தமும் வெப்பமும் வேகமும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதைக் கையால் தொட்டு அறிய இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, என்ன மாற்றினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பவரைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பிறருடைய எழுத்தையும் கணக்கையும் குடும்பத்துப் படங்களையும் வைத்திருக்கும் கணினி வேறு. அதன் வேகத்தைக் கூட்டிக் கொடுக்கும் கடைக்காரர்கள், என்ன அமைப்பை மாற்றினோம், எந்தச் சோதனையை எத்தனை மணி நேரம் ஓட்டினோம், அப்போது அறையின் வெப்பம் என்ன என்பதை பில்லின் பின்புறத்திலாவது எழுதித் தர வேண்டும். வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டுரையாளரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பத்து நிமிடம் என்று எழுதிய இடத்தைத் திருத்தி, செயலிக்குத் தனியாகவும் ரேமுக்குத் தனியாகவும் எந்தெந்தச் சோதனைகளை எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும், பிழை காட்டினால் எதை முதலில் இறக்க வேண்டும் என்று படங்களுடன் ஒரு தொடர்ச்சியை அதே இணைப்பில் எழுத வேண்டும். முதல் கட்டுரையைப் படித்து ஏற்கெனவே வேகத்தைக் கூட்டிக்கொண்ட வாசகர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுடைய கணினிகள் இப்போது தை மாதக் குளிரில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். பங்குனி பிறப்பதற்குள் அந்தத் தொடர்ச்சி வெளிவந்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை.